வாக்கிங் போறது உங்க நாய்... 'அதை' அள்ளுறது யாரு?

காலை ஐந்தரை மணி. அண்ணா நகர், பெசன்ட் நகர், கே.கே.நகர், நங்கநல்லூர்... சென்னையில் எந்தக் குடியிருப்புத் தெருவை எடுத்துக்கிட்டாலும் அந்த நேரத்தில் ஒரே காட்சிதான். சங்கிலியின் ஒரு முனையில் நாய், மறு முனையில் தூக்கக் கலக்கத்தோடு அதை வளர்ப்பவர். நாலு வீடு தாண்டியதும் நாய் மோந்து பார்க்கும். ஒரு சுத்து சுத்தும். முதுகை வளைச்சு உட்காரும். கரெக்டா அந்த ஒரு நிமிஷத்தில் கையில் சங்கிலி பிடித்திருப்பவருக்கு செல்போனில் ஏதோ முக்கியமான மெசேஜ் வந்துவிடும். இல்லேன்னா எதிர் வீட்டு மாமரத்தில் காய் பிடிச்சிருக்கான்னு அண்ணாந்து பார்க்கத் தோணும். நாய் எழுந்ததும் இரண்டு பேரும் ஒண்ணும் நடக்காத மாதிரி நடையைக் கட்டுவார்கள்.

தரையில் கிடப்பது? அது அடுத்தவங்க பிரச்சினை.

அந்த 'அடுத்தவங்க' பல பேர். வாசல் தெளிச்சு கோலம் போட வாளியோடு வெளியே வரும் இல்லத்தரசி. ஸ்கூல் வேனுக்கு ஓடும் பிள்ளை. பால் பாக்கெட், பேப்பர் போட சைக்கிளை நிறுத்தி இருட்டில் கால் வைக்கும் பையன். மார்கழி மாதம் வந்தால் கேட்கவே வேண்டாம். அதிகாலை நாலரைக்கு எழுந்து இருபத்தொரு புள்ளிக் கோலம் போட்டுவிட்டு, பூசணிப் பூ வைக்க உள்ளே போய்த் திரும்புவதற்குள் கோலத்தின் நடுவில் வேறு ஏதோ வைக்கப்பட்டிருக்கும். அன்றைக்கு அந்தத் தெருவில் நடக்கிற சண்டைக்கு பஞ்சாயத்து பண்ண யாராலும் முடியாது.

கடிச்சா பேசுறோம்... கழிச்சா பேசுறதில்ல!

நாய் விவகாரத்தில் சென்னை சமீப வருஷங்களாக சூடாகத்தான் இருக்கிறது. 2024-ம் ஆண்டு மே மாதம் ஆயிரம் விளக்கு பகுதியில் உள்ள மாநகராட்சிப் பூங்காவில் 5 வயது சிறுமியை இரண்டு ராட்வீலர் நாய்கள் கடித்துக் குதறிய சம்பவம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அதற்குப் பிறகு வளர்ப்பு நாய்க்கு லைசென்ஸ் இருக்கா, சங்கிலி இருக்கா, வாய்மூடி இருக்கா என்ற கேள்விகள் எழுந்தன. 2025-ம் ஆண்டு இறுதியில் மாநகராட்சி இன்னும் ஒரு படி மேலே போனது. வளர்ப்பு நாய்க்கு லைசென்ஸ் கட்டாயம், தோலுக்கடியில் மைக்ரோ சிப் கட்டாயம், இல்லாவிட்டால் 5 ஆயிரம் ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. மாநகராட்சியின் செல்லப்பிராணி சிகிச்சை மையங்களில் லேப்ரடாரும் பொமரேனியனும் நாட்டு நாயுமாக வரிசை கட்டி நின்றன. கெடு தேதி தள்ளிப் போனது. அப்புறமும் கூட்டம் குறையவில்லை.

எல்லாம் சரி. தடுப்பூசி பற்றிப் பேசியாச்சு. கடி பற்றிப் பேசியாச்சு. தினமும் காலையும் மாலையும் தெருவில் விழுகிற 'அது' பற்றி மட்டும் எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டிப் போய்விடுகிறார்கள். கடி என்றைக்கோ ஒரு நாள் நடப்பது. இது தினம் இரண்டு வேளை நடப்பது. சராசரி நாய் ஒன்று ஒரு நாளைக்கு சுமார் 340 கிராம் கழிக்கிறது என்பது அமெரிக்காவில் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. பொமரேனியனுக்கு அவ்வளவு வராது. கிரேட் டேனுக்கு அது போதாது. சராசரியாகவே வைத்துக்கொண்டாலும் ஒரு நாய்க்கு வருஷத்துக்கு 120 கிலோவைத் தாண்டுகிறது. ஒரே தெருவில் பத்து வீட்டில் நாய் இருந்தால் என்ன ஆகும் என்பதைப் பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

"மண்ணுக்கு உரம்தானே..."

நாய் வளர்ப்பவரை யாராவது தட்டிக்கேட்டால் வரும் முதல் பதில் இதுதான். "மரத்தடியிலதான் சார் போச்சு. மண்ணுக்கு உரம்தானே!"

நம்ம ஊரில் சாணி போட்டு வாசல் தெளித்தவர்கள் நாம். வரட்டி தட்டி அடுப்பெரித்தவர்கள். அதனால் விலங்குக் கழிவு என்றாலே மண்ணுக்கு நல்லது என்ற எண்ணம் ரத்தத்தில் ஊறிப் போயிருக்கிறது. ஆனால் மாடு வேற, நாய் வேற. மாடு தழை தின்கிற பிராணி. (சென்னை மாடு சினிமா போஸ்டர் தின்கிறதே என்று கேட்கக் கூடாது.) அதன் சாணத்தில் பெரும்பகுதி செரிக்காத நார்தான். நாய் தின்பது இறைச்சி, முட்டை, கொழுப்பும் புரதமும் நிறைந்த ரெடிமேட் தீனி. வெளியே வரும் கழிவும் அதற்கேற்ற மாதிரி காரமானது. செடியின் வேரில் அப்படியே விழுந்தால் புல் கருகிப் போவதை வீட்டில் புல்தரை வைத்திருப்பவர்களே பார்த்திருப்பார்கள்.

அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் புழு.

மண்ணுக்குள் காத்திருக்கும் முட்டை

நாயின் குடலில் வாழும் உருளைப்புழுவில் ஒரு வகைக்கு 'டாக்சோகாரா' என்று பெயர். குட்டி நாய்களில் இது மிகச் சாதாரணம். தாய் வயிற்றில் இருக்கும்போதே குட்டிக்குத் தொற்றிவிடும், தாய்ப்பாலிலும் வரும். பெண் புழு ஒன்று ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் முட்டை போடும். அத்தனையும் கழிவோடு சேர்ந்து தெருவுக்கு வருகிறது.

இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம். கழிவு வெளியே வந்த அந்த நிமிஷத்தில் இந்த முட்டைகளால் மனிதர்களுக்கு நோய் தர முடியாது! முட்டைக்குள் புழு வளர்ந்து, தொற்றும் நிலைக்கு வர இரண்டிலிருந்து நாலு வாரம் ஆகும். அதற்குள் வெயிலில் காய்ந்து, வண்டிச் சக்கரத்தில் நசுங்கி, மழையில் கரைந்து 'அது' கண்ணுக்கே தெரியாமல் போயிருக்கும். "பாருங்க, தானா காஞ்சு போச்சு" என்று நிம்மதியாக இருப்போம். ஆனால் முட்டைகள் மண்ணிலேயேதான் இருக்கும். மாசக்கணக்கில் இருக்கும். சில இடங்களில் வருஷக்கணக்கிலும் தாங்கும். பிளீச்சிங் பவுடர் தூவினால் வாடை போகுமே தவிர, இந்த முட்டையின் ஓடு அதற்கெல்லாம் மசியாது.

அந்த மண்ணில் யார் கை வைப்பார்கள்? பெரியவர்கள் இல்லை. பூங்காவில் சறுக்கு மரத்தடியில் மண் வீடு கட்டும் பிள்ளைகள்தான். கையைக் கழுவாமல் வாயில் விரல் வைக்கும் வயது. உள்ளே போன முட்டை குடலில் பொரிந்து, அதிலிருந்து வரும் புழு ரத்தத்தோடு கல்லீரல், நுரையீரல் என்று சுற்றும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாமலே போய்விடும். சிலருக்கு காய்ச்சல், இருமல், வயிற்று வலி. அபூர்வமாகச் சில பிள்ளைகளுக்கு புழு கண்ணுக்குள் போய்விடும். வழக்கமாக ஒரு கண்ணில்தான் வரும். பார்வை குறைவது அந்தப் பிள்ளைக்கே தெரியாது. ஸ்கூலில் கண் பரிசோதனை செய்யும்போதுதான் சிலருக்கு வெளியே வரும். அதற்குள் விழித்திரை கெட்டிருந்தால், போன பார்வை திரும்புவது கஷ்டம்.

இன்னொன்று கொக்கிப்புழு. இது அவ்வளவு நாள் காத்திருக்காது. ஈரமும் சூடும் இருக்கிற மண்ணில் ஒரு வாரம், பத்து நாளில் தயாராகிவிடும். வாய் வழியாகப் போக வேண்டிய அவசியமும் இல்லை. வெறுங்காலோடு மிதித்தாலே தோலைத் துளைத்துக்கொண்டு ஏறிவிடும். மனிதத் தோலுக்குள் வந்த நாய்க் கொக்கிப்புழுவுக்கு அதற்கு மேல் வழி தெரியாது. தோலுக்கடியிலேயே வளைந்து வளைந்து ஊர்ந்துகொண்டிருக்கும். பாதத்தில் சிவப்பாக ஒரு கோடு, பாம்பு போன தடம் மாதிரி. ராத்திரி தூங்க விடாத அரிப்பு. கடற்கரை மணலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்காருகிறவர்களுக்கு இது வருவது உலகம் முழுக்க டாக்டர்களுக்குத் தெரிந்த சமாச்சாரம். மருந்து கொடுத்தால் சரியாகிவிடும். ஆனால் நாய் வளர்க்காதவர் காலில் அந்தக் கோடு ஏன் வர வேண்டும்?

நாய் வளர்ப்பவருக்கே நஷ்டம் தரும் கிருமியும் உண்டு. 'பார்வோ' வைரஸ். குட்டி நாய்க்கு ரத்தக் கழிச்சல் வந்து இரண்டு மூன்று நாளில் சுருண்டு விடுமே, அதுதான். இது பரவுவதே நோய் வந்த நாயின் கழிவு மூலமாகத்தான். தெருவில் மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும். ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கிய குட்டியை தடுப்பூசி முடியும் முன்பே அதே தெருவில் இறக்கிவிட்டால், யாரோ அள்ளாமல் விட்டுப் போனது அந்தக் குட்டிக்கு எமனாகிவிடும்.

பயமுறுத்துவதற்காக எல்லா நோயையும் இதன் தலையில் கட்டவும் வேண்டாம். வெறிநோய் நாயின் எச்சிலில் பரவுவது. கழிவை அள்ளுவதால் வராது. எலிக்காய்ச்சல் எனப்படும் லெப்டோ நாயிடமிருந்து வந்தால் அது சிறுநீர் வழியாக.

விஷயம் இவ்வளவுதான். முட்டைக்கு நாலு வாரம் வேண்டும். புழுவுக்கு பத்து நாள் வேண்டும். போன உடனே, சூடு ஆறும் முன்பே அள்ளிவிட்டால் கதை அங்கேயே முடிந்தது. அரை நிமிஷ வேலை.

துடைப்பம் பிடிப்பவர் கையில்...

அந்த அரை நிமிஷ வேலையை நாய் வளர்ப்பவர் செய்யாவிட்டால் யாரோ ஒருவர் செய்துதான் ஆக வேண்டும். காலை ஆறரைக்கு தெருமுனையில் வண்டியை நிறுத்தி, தென்னந்துடைப்பத்தோடு வருகிறாரே, அவர்தான்.

சென்னைத் தெருவோரம் எப்போதும் கொஞ்சம் மணல் இருக்கும். அதோடு சருகு, குட்கா பாக்கெட், டீ கப். எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டும்போது புதுக் கழிவாக இருந்தால் துடைப்பத்தில் ஒட்டிக்கொள்ளும். அடுத்து கூட்டும் பத்து வீட்டு வாசலுக்கும் பரவும். காய்ந்து போனதாக இருந்தால் தூளாகி முகத்துக்கு நேராகப் பறக்கும். துடைப்பத்தில் ஒட்டியதை கல்லில் தட்டி உதற வேண்டும். குவித்ததை இரண்டு தகரத் தகட்டால் அள்ள வேண்டும். கையுறை கொடுத்தால் போட்டுக்கொண்டு, கொடுக்காத நாளில் வெறுங்கையோடு.

மனித மலத்தை மனிதன் கையால் அள்ளுவதற்குத் தடை விதித்து 2013-ம் ஆண்டு நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் பேசுவது மனிதக் கழிவைப் பற்றி மட்டுமே. நாய்க் கழிவு அதில் வராது. அதனால் சட்டப்படி யாரும் தப்பு செய்யவில்லை. ஆனால் இன்னொருவர் வீட்டுச் செல்லத்தின் கழிவை, சம்பந்தமே இல்லாத ஒரு அம்மா குனிந்து அள்ளிக்கொண்டிருப்பது மட்டும் தினமும் நடக்கிறது.

இதில் யோசிக்க வேண்டியது ஒன்று உண்டு. வீட்டு ஹாலில் பேரப்பிள்ளை ஆய் போனால் பாட்டி முகம் சுளிக்காமல் துடைப்பார். அதே நாய் சோபா மேல் அசிங்கம் பண்ணினாலும் வீட்டுக்காரரே சுத்தம் செய்வார். கேட்டைத் தாண்டியதும் மட்டும் "அது நம்ம வேலை இல்லை" என்று ஆகிவிடுகிறது. அருவருப்பு காரணமில்லை. அதை அள்ள என்றே ஒருத்தர் வருவார் என்ற நினைப்புதான் காரணம். அந்த நினைப்பு இந்த ஊரில் எங்கிருந்து வந்தது என்பது எல்லோருக்கும் தெரியும்.

இன்னொரு புது பழக்கமும் வந்திருக்கிறது. வசதியான வீடுகளில் நாயை வாக்கிங் கூட்டிப்போவது வீட்டுக்காரர் அல்ல. வாட்ச்மேன், டிரைவர், இல்லாவிட்டால் மாதச் சம்பளத்துக்கு வரும் பையன். அவரிடம் போய் "அள்ளுப்பா" என்று சத்தம் போடுவதில் அர்த்தமில்லை. அவர் கையில் ஒரு பழைய பேப்பர், ஒரு ஜோடி கையுறை கொடுத்து அனுப்பினாரா என்று வீட்டு முதலாளியைத்தான் கேட்க வேண்டும்.

நீலத் தண்ணி பாட்டில் வேலை செய்யுமா?

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த வாசல்காரர்கள் கண்டுபிடித்த ஆயுதம் ஒன்று தமிழ்நாடு முழுக்கத் தெரியும். பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, சொட்டு நீலத்தைக் கலந்து கேட்டில் கட்டித் தொங்கவிடுவது. அதைப் பார்த்தால் நாய் அந்தப் பக்கம் வராதாம்!

பாவம் நாய்க்கு அப்படி எந்தப் பயமும் கிடையாது. நாயின் கண்ணுக்கு சிவப்பும் பச்சையும்தான் சரியாகப் பிரித்துத் தெரியாது. நீலமும் மஞ்சளும் நன்றாகவே தெரியும். நீலம் தெரிவதால் ஓட வேண்டும் என்று எந்த நாய்க்கும் யாரும் சொல்லித்தரவில்லை. பாட்டிலின் அடியிலேயே 'போய்' வைத்துவிட்டுப் போன நாய்களைப் பார்த்தவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள்.

நாய் இடத்தைத் தேர்வு செய்வது மூக்கால். ஏற்கனவே ஒரு நாய் போன வாடை இருந்தால் அடுத்த நாயும் அங்கேயே வட்டமடிக்கும். அதனால் பாட்டிலை விட பலன் தருவது, கிடப்பதை உடனே எடுத்து இடத்தை சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவுவது. ஒன்றை விட்டு வைத்தால் அது நாலாகும் என்பதற்குக் காரணமும் இந்த வாடைதான்.

சட்டம் என்ன சொல்லுது?

அபார்ட்மெண்ட்களில் இதனால் நடக்கும் சண்டை தனிக் கதை. "நாய் வளர்க்கக் கூடாது", "லிப்டில் நாய்க்கு அனுமதி இல்லை", "அசிங்கம் செய்தால் ஆயிரம் ரூபாய்" என்று சங்கத்தினர் நோட்டீஸ் ஒட்டுவார்கள். நாய் வளர்ப்பவர் வக்கீல் நோட்டீஸ் அனுப்புவார்.

இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதல் இதில் இரண்டு பக்கத்துக்கும் பதில் சொல்கிறது. குடியிருப்போர் சங்கம் மெஜாரிட்டி ஓட்டுப் போட்டுக்கூட நாய் வளர்ப்பதற்குத் தடை போட முடியாது. லிப்டைப் பயன்படுத்தத் தடையோ தனிக் கட்டணமோ விதிக்க முடியாது. கழிவை அள்ளியே ஆக வேண்டும் என்று மத்திய, மாநில சட்டம் எதுவும் சொல்லாத இடத்தில், சங்கம் தானாக ஒரு விதி போட்டு அபராதம் வசூலிக்கவும் முடியாது. கேட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான். அதே வழிகாட்டுதல் நாய் வளர்ப்பவர்களிடமும், பொது இடத்தில் நாய் அசிங்கம் செய்தால் சுத்தம் செய்துவிடுங்கள், அக்கம்பக்கத்தாரை நல்லபடியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்கிறது. நோட்டீஸ் ஒட்டுகிற சங்கமும் சரி, வக்கீல் நோட்டீஸ் அனுப்புகிற நாய்ப் பிரியரும் சரி, தங்களுக்குச் சாதகமான பாதியை மட்டும் படித்துவிட்டுச் சண்டைக்கு வருகிறார்கள்.

சங்கத்துக்கு இல்லாத அதிகாரம் மாநகராட்சிக்கு உண்டு. மும்பையில் 2006-ம் ஆண்டே துணை விதி வந்துவிட்டது. தெருவிலோ பொது இடத்திலோ செல்லப்பிராணி அசிங்கம் செய்தால் உடனே அள்ளுவது உரிமையாளர் பொறுப்பு. அதை முடிந்தவரை தன் வீட்டுக் கழிவுநீர்க் குழாய் வழியாகவே அப்புறப்படுத்த வேண்டும். தவறினால் 500 ரூபாய். இந்த மூன்றும் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. அதைப் பார்த்து மும்பைத் தெருக்கள் பளபளப்பாகிவிட்டதாக யாரும் சொல்ல முடியாது என்பது வேறு விஷயம். ஆனால் தட்டிக்கேட்பவர் கையில் காட்டுவதற்கு ஒரு காகிதம் இருக்கிறது.

வெளிநாட்டில் இந்தச் சண்டை ரொம்பப் பழசு. நியூயார்க் நகரம் ஒரு காலத்தில் இதற்குப் பேர் போனது. நடைபாதையில் குனிந்த தலை நிமிராமல் நடக்க வேண்டிய நிலைமை. மேயர் எட் காச் காலத்தில், 1978-ம் ஆண்டு ஆகஸ்டு 1-ந்தேதி 'அள்ளும் சட்டம்' அமலுக்கு வந்தது. வயதானவர்கள் எப்படிக் குனிவார்கள், பயந்து போய் நாயைத் தெருவில் விட்டுவிடுவார்களே என்றெல்லாம் அப்போது எதிர்ப்பு கிளம்பியது. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. மக்கள் பழகிக்கொண்டார்கள். இப்போது அங்கே அபராதம் 250 டாலர். அபராதத்தை விட, அள்ளாமல் போகிறவரைப் பக்கத்தில் நடப்பவர் முறைக்கிற முறைப்புதான் அந்த ஊரில் சட்டத்தைக் காப்பாற்றியது.

பாரீஸ் நகரம் வேறு வழியில் போனது. ஜனங்களை அள்ளச் சொல்லாமல், 1980-களில் உறிஞ்சும் குழாய் பொருத்திய மோட்டார் சைக்கிள்களைத் தெருவில் இறக்கியது. பணம் தண்ணீராகச் செலவானது. ஊரில் விழுந்ததில் ஒரு பகுதியைத்தான் அவற்றால் எடுக்க முடிந்தது. "அதான் வண்டி வருதே" என்று மக்கள் இன்னும் தைரியமாக விட்டுப் போனார்கள். 2000-களில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு அபராதத்துக்கு வந்தார்கள்.

ஸ்பெயினில் மாட்ரிட் பக்கத்தில் புருனேட்டே என்ற சின்ன ஊர் 2013-ல் செய்தது செம தமாஷ். தொண்டர்கள் அள்ளாமல் போகிறவரிடம் போய் "அட, நாய் அழகா இருக்கே, பேரு என்ன?" என்று பேச்சுக் கொடுப்பார்கள். பெயரும் இனமும் தெரிந்தால் போதும். நகராட்சிப் பதிவேட்டில் வீட்டு முகவரி கிடைத்துவிடும். சிறிது நேரத்தில் நகராட்சி முத்திரையோடு, 'தொலைந்த பொருள்' என்று எழுதிய பெட்டி ஒன்று வீட்டு வாசலுக்கு வந்து சேரும். உள்ளே என்ன இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை! இப்படி 147 பெட்டிகள் போனது. தெருவில் கிடப்பது 70 சதவீதம் குறைந்ததாக அந்த ஊர் நிர்வாகம் சொன்னது. பிரான்சில் பெசியே நகரம் 2023-ல் நாய்களின் டி.என்.ஏ.வையே பதிவு செய்யும் திட்டத்தைக் கொண்டு வந்தது. தெருவில் கிடப்பதை லேபுக்கு அனுப்பினால் யார் வீட்டு நாய் என்று தெரிந்துவிடும்.

சென்னைக்கு டி.என்.ஏ. வரைக்கும் போக வேண்டியதில்லை. லைசென்சும் சிப்பும் வந்துவிட்டதால் எந்த வீட்டில் எந்த நாய் என்ற கணக்கு மாநகராட்சியிடம் சேர்ந்துகொண்டிருக்கிறது. புருனேட்டே ஊருக்கு உதவியதும் அப்படி ஒரு பதிவேடுதான்.

எப்படி அள்ளுறது? கவர் வேணாமா?

வெளிநாட்டு வீடியோக்களில் குட்டிக் குட்டி பிளாஸ்டிக் கவரை உருவி எடுப்பார்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் கைப்பைக்குத் தடை இருக்கிறது. ஆனால் கவர் இல்லை என்பது ஒரு சாக்கே இல்லை. நேற்றைய பேப்பர் எந்த வீட்டில் இல்லை? (மஞ்சப்பையை மட்டும் இதற்கு எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள்!)

வழக்கமாக நாய் வளர்ப்பவர்கள் செய்யும் முறை சுலபமானது. ஒரு முழுத் தாளை நாலாக மடித்து பாக்கெட்டில் வைத்துக்கொள்வது. நாய் உட்காரத் தயாரானதும் பின்பக்கம் தரையில் தாளை நீட்டிவிட்டால், அநேகமாக அதன் மேலேயே விழுந்துவிடும். தரையில் படவே படாது. தவறினால் தாளின் இரண்டு மடிப்பாலும் கிள்ளி எடுத்துச் சுருட்டுவது. குனிய முடியாத முழங்கால் வலிக்காரர்களுக்கு நீளக் கைப்பிடி வைத்த அள்ளும் கருவி செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கிறது. அது இல்லாவிட்டால் பழைய முறமும் தேங்காய்ச் சிரட்டையும் போதும்.

அள்ளியதை என்ன செய்வது என்பதில்தான் பலரும் தப்பு செய்கிறார்கள். சுருட்டியதை அடுத்த வீட்டுக் காலி மனையில் வீசுவது, மழைநீர் வடிகால் ஓட்டையில் தள்ளுவது. மழைநீர் வடிகால் எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் அப்படியே கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய், கடல் என்று போய்ச் சேருவது. அதில் தள்ளுவதும் கடற்கரையில் போடுவதும் ஒன்றுதான். குப்பைத் தொட்டியில் மக்கும் குப்பையோடு போட்டால், அந்தப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்ப்பதும் ஒரு தொழிலாளி கைதான். வீட்டு உரத் தொட்டியும் வேண்டாம். வீட்டு உரக்குழியில் இந்த முட்டைகளைக் கொல்லும் அளவுக்குச் சூடு ஏறுவதில்லை. கீரைப் பாத்திக்கு அந்த உரத்தைப் போட்டால் புழு நேராகச் சமையலறைக்கு வரும்.

சரியான இடம் வீட்டுக் கழிப்பறைதான். தாளைப் பிரித்து கழிவை மட்டும் கொட்டி, தண்ணீர் ஊற்றிவிட வேண்டும். தாளையும் சேர்த்துப் போட்டால் குழாய் அடைத்து, அது வேறு செலவு. மனிதக் கழிவு போகிற அதே வழியில் சுத்திகரிப்பு நிலையத்துக்கோ செப்டிக் டேங்குக்கோ போய்விடும். மும்பை விதி சொல்வதும் இதைத்தான். பிறகு சோப்புப் போட்டுக் கைகழுவினால் வேலை முடிந்தது.

தெருவுக்கே போகாமல் பழக்கவும் முடியும். சாப்பிட்ட கால் மணி, அரை மணி நேரத்தில் குட்டி நாய்க்கு வந்துவிடும். அந்த நேரத்துக்குத் தினமும் மொட்டை மாடியின் ஒரு மூலைக்கோ வீட்டுக் காம்பவுண்டுக்குள் ஒரே இடத்துக்கோ கூட்டிப் போனால், சில வாரங்களில் பழகிக்கொள்ளும். முடித்துவிட்டு வாக்கிங் போகலாம். நாய்க்கும் நிம்மதி, தெருவுக்கும் நிம்மதி.

கூடவே பூச்சி மருந்து. குட்டிக்குப் பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்தே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குடற்புழு நீக்க மருந்து கொடுக்கத் தொடங்க வேண்டும். வளர்ந்த நாய்க்குப் பொதுவாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை. எடைக்கு ஏற்ற அளவை கால்நடை டாக்டரிடம் கேட்டுக் கொடுப்பதுதான் சரி. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலும் மாநகராட்சியின் செல்லப்பிராணி சிகிச்சை மையங்களிலும் கேட்கலாம்.

"தெருநாய் போறதில்லையா?"

கடைசியாக வரும் கேள்வி இது. கேட்பதில் நியாயமும் இருக்கிறது. மாநகராட்சி 2024-ல் எடுத்த கணக்கெடுப்பில் சென்னையில் தெருநாய்கள் சுமார் 1.8 லட்சம். அவற்றுக்குப் பின்னால் பேப்பரோடு யார் போவது? இனப்பெருக்கக் கட்டுப்பாடு, தடுப்பூசி, தெருச் சுத்தம் என்று அது மாநகராட்சி செய்ய வேண்டிய வேலை. ஒழுங்காகச் செய்யாவிட்டால் தட்டிக்கேட்க வேண்டியதுதான். ஆனால் தெருநாய்க்கு வீடு கிடையாது, கழிப்பறை கிடையாது, சங்கிலி பிடிக்க ஆளும் கிடையாது. லைசென்ஸ் வாங்கி, சிப் போட்டு, பெயர் வைத்து, பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுகிற நாய்க்கு இந்த மூன்றும் இருக்கிறது.

கொசுறு: நாய் உட்காரும் முன் ஏன் சுத்திச் சுத்தி வருகிறது தெரியுமா? செக் குடியரசு, ஜெர்மனி ஆராய்ச்சியாளர்கள் இரண்டு வருஷமாக 70 நாய்களின் பின்னால் திசைகாட்டியோடு அலைந்து, அவை 1,893 தடவை 'போனதை'க் குறித்து வைத்தார்கள். பூமியின் காந்தப் புலம் அமைதியாக இருக்கும் நேரத்தில் நாய்கள் வடக்கு-தெற்காக உட்காரவே விரும்புகின்றன என்று 2013-ல் அறிவித்தார்கள். சிரிக்க வைத்து சிந்திக்க வைக்கும் ஆராய்ச்சிகளுக்குத் தரப்படும் 'இக் நோபல்' பரிசு அடுத்த வருஷமே அவர்களுக்குக் கிடைத்தது என்பது குறிப்பிடத்தக்கது. பேப்பரை எந்தப் பக்கம் நீட்டுவது என்று குழப்பமாக இருப்பவர்கள் முயற்சி செய்து பார்க்கலாம்.